பேச்சியம்மாள் பங்குக்கு வந்த இஞ்சின்

ஓசூர் சிப்காட்டில் போல்ட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பேச்சியம்மாளுக்கு மரை பார்க்கும் வேலை. போல்ட்டின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும் இழைகளைத்தான் மரை என்பார்கள். அவள் மேஜையில் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். ஒன்றின் பெயர் கோ, மற்றதன் பெயர் நோ-கோ. கோ வளையம் போல்ட்டின் மேல் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், நோ-கோ ஏறவே கூடாது. ஒன்று பிசகினாலும் போல்ட் சிவப்புத் தட்டுக்குப் போய்விடும். கல்யாணமாகி ஓசூருக்கு வந்த மறுவருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வருகிறவரிடம் பழையவர் சொல்லிவிட்டுப் போகிற முதல் புத்திமதி, "அந்தம்மா ரிஜெக்ட்னு சொன்னா ரிஜெக்ட்தான், பேசிப் பாக்காதீங்க" என்பதாக இருக்கும்.

அந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊறுகாய் வாங்கப் போனால் கடையிலேயே பாட்டில் மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பாள். இரண்டு சுற்றில் இறுகவில்லையென்றால் ஊறுகாய் எவ்வளவு ருசியானாலும் வேண்டாம். விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவிவிட்டு வந்து, "ஒங்க குழாய்ல மரை போயிட்டு, மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இலையில் உட்காருவாள். அவளுடைய கணவர் பாஸ்கரன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பெண் பார்க்கப் போனபோது தன்னை எப்படி அவள் பாஸ் பண்ணினாள் என்பது அவருக்கே இன்றுவரை புரியவில்லை. கேட்கவும் அவருக்குத் தைரியம் இல்லை. மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

பேச்சியம்மாளுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், கடலோரம். அப்பா ஒரு படகு வைத்திருந்தார். அவர் போன பிறகு சொத்து பிரிக்க உட்கார்ந்தார்கள். வீடு தம்பி ராஜேஷ்குமாருக்கு, படகு ராஜேஷ்குமாருக்கு, வீட்டுக்குப் பின்னால் இருந்த பனைகளும் ராஜேஷ்குமாருக்கு என்று ஆனது. பேச்சியம்மாளுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்று சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் அப்பாவின் பழைய படகு இஞ்சின் சாய்ந்து கிடந்தது. படகின் பின்பலகையில் மாட்டுகிற ஜாதி. மேலே இஞ்சின், நடுவே நீண்ட கால், கீழே காத்தாடி.

"அந்த இஞ்சின்ல எனக்குப் பங்கு உண்டு" என்றாள்.

ராஜேஷ்குமார் புது இஞ்சின் வாங்கி மாட்டி வெகுநாளாகியிருந்தது. பழசை எங்கே போடுவது என்று தெரியாமல் இருந்தவன் முகம் மலர்ந்து, "பங்கு எதுக்குக்கா? முழுசா எடுத்துக்கோ" என்றான். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பேச்சியம்மாளோடு ஓசூர் வரைக்கும் வந்தது. பின்னாலேயே இஞ்சினும் வந்தது.

ஒரு காலையில் ஆம்னி பஸ் ஆள் போன் பண்ணினான். "உங்க பார்சல பஸ் ஸ்டாண்டு வெளிய இறக்கிட்டோங்க. சீக்கிரம் வாங்க, ஜனங்க ஒரு மாதிரி பாக்கறாங்க."

ஜனங்கள் பார்த்ததில் தப்பில்லை. பார்சல் ஆள் நீளம் இருந்தது. ராஜேஷ்குமார் அதை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, மேலே வலையைப் போர்த்தி, மூன்று இடத்தில் கயிறு கட்டியிருந்தான். ஒரு பக்கம் தலையும் தோளும் போலப் பருமன், மறுபக்கம் கால் போல ஒடுக்கம். போதாததற்கு வாடை வேறு. அருகில் நின்ற ஆட்டோக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"யாருங்க்கா இது?"

"எங்க அப்பாது."

"அப்பாவா! அடடா. எங்க கொண்டு போவணும்?"

"வீட்டுக்கு."

"வீட்டுல வெச்சிட்டு எப்ப எடுப்பீங்க?"

"எதுக்கு எடுக்கணும்? இனிமே வீட்லதான் இருக்கும்."

ஆட்டோக்காரர் இரண்டடி பின்னால் போனார். பாஸ்கரன் வந்து வேட்டியின் ஒரு முனையை விலக்கிக் காத்தாடியைக் காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் வழி நெடுக அவர் ஹாரன் அடிக்கவில்லை. வேகமாகவும் ஓட்டவில்லை.

பேச்சியம்மாள் குடியிருந்தது மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா கெம்பம்மா. கன்னடமும் தமிழும் அவர் வாயில் ஒரே பாஷை. இஞ்சினைத் தரையில் சாய்த்து வைத்தால் எண்ணெய் ஒழுகும் என்று பாஸ்கரன் அதை மாடிக் கைப்பிடிச் சுவரில், படகில் மாட்டுவது போலவே மாட்டித் திருகி இறுக்கிவிட்டார். கால் சுவருக்கு வெளியே தொங்கியது. காத்தாடி தெருவைப் பார்த்தது. கெம்பம்மா கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏனம்மா இது? நம்ம மனெய பறக்க வெக்கப் போறியா?"

"கடல்ல ஓடுத இஞ்சினும்மா."

"கடல் எல்லி இருக்கு இங்க?"

"இங்க இல்லம்மா."

"மத்தெ எதுக்கு?"

"எம் பங்கு" என்றாள் பேச்சியம்மாள். கெம்பம்மாவின் இரண்டு அண்ணன்களும் அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கொடுக்காதவர்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை காத்தாடிக்கு ஒரு பொட்டு குங்குமம் வைத்திருந்தது. எட்டாத உயரம். எப்படி வைத்தார் என்று தெரியவில்லை.

விஷயம் அதோடு நின்றிருக்கும். ஆனால் ராஜேஷ்குமார் தினமும் சாயங்காலம் போன் பண்ணினான்.

"எக்கா, இஞ்சின் ஓடுதா?"

"ஓடும்லே."

"எங்கக்கா ஓடும்? மாடியிலயா?" பின்னணியில் அவன் வீட்டார் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

நாலைந்து நாள் இப்படிப் போனதும் பேச்சியம்மாள் பாஸ்கரனிடம் சொன்னாள்: "ஏங்க, இது ஓடணும். எங்க ஓடினாலும் சரி, ஓடணும்."

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கரன் ஸ்பானரோடு உட்கார்ந்தார். முதல் வேலை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது. உப்புக்காற்றில் பல வருஷம் நின்ற இஞ்சின். பிளக் இரும்பு, அது இறங்கியிருக்கிற ஹெட், அதாவது சிலிண்டரின் மூடி, அலுமினியம். இரண்டும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்து ஒரே உலோகமாகிக் கிடந்தன.

"எண்ணெய விட்டு ஒரு நா ஊறப் போடுங்க" என்றாள் பேச்சியம்மாள். "கொஞ்சம் தொறந்து, கொஞ்சம் மூடி, அப்படியே விட்டு விட்டுக் களத்தணும்."

"ஏட்டி, நான் டன் கணக்குல தூக்குதவன். ஒரு பிளக்கு எம்மாத்திரம்?"

"தூக்குதது வண்டி. நீங்க இல்ல."

அது அவர் மானத்தைத் தொட்டுவிட்டது. ஸ்பானர் கைப்பிடியில் இரண்டடிக் குழாயைச் செருகினார். சுவரில் ஒரு காலை ஊன்றினார். மூச்சைப் பிடித்து இழுத்தார். முதலில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அப்புறம் திடீரென்று வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சுலபமாகச் சுற்றியது.

"வந்துட்டா இல்லியா!" என்று பிளக்கைத் தூக்கிக் காட்டினார்.

பேச்சியம்மாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிளக்கின் மேல் வெள்ளையாக, சுருள் சுருளாக, ஸ்பிரிங் சுற்றியது போல அலுமினியம் சுற்றியிருந்தது. ஹெட்டில் இருந்த மரை முழுவதும் பிளக்கோடு வெளியே வந்துவிட்டது. கண்டாங்கிச் சேலையை உருவிய மாதிரி ஓர் இழை விடாமல் வந்திருந்தது. ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். வளையல் போல மழமழவென்று இருந்தது.

"இவ்வளவு சுத்தமா மரைய உரிக்க மெஷினாலகூட முடியாது" என்றாள்.

பாஸ்கரன் முதலில் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தார். அன்று மத்தியானம் அவர் தட்டில் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் இருந்தன. அப்பளம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பிளக் இருந்தது.

தெருமுனையில் ஆனந்தராஜின் லேத் பட்டறை. நாகரசம்பட்டிக்காரர், நாற்பது வயது, அவசரப்படாத ஆள். மாடிக்கு வந்து ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லீங்க்கா. ஓட்டைய கொஞ்சம் பெருசாக்கி, புது மரை வெட்டி, உள்ள கம்பிச்சுருள் எறக்கிட்டா பழைய பிளக்கே ஏறும். ஆனா ஹெட்ட கழட்டித்தான் பண்ணணும். மாட்டின வாக்குலயே வெட்டுனா சீவல் உள்ள விழுந்து சிலிண்டரக் கீறிடும்."

ஹெட்டின் போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு நாள் வேலை வைத்தன. சூடு காட்டி, தட்டி, எண்ணெய் விட்டு, காத்திருந்து ஒருவழியாகக் கழற்றினார். பாஸ்கரன் பக்கத்தில் போகவில்லை. கெம்பம்மா மட்டும் தினமும் வந்து, ஆஸ்பத்திரியில் ஆள் விசாரிப்பது போல, "ஹேங்கிதெ? பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனந்தராஜ் ஹெட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய், கம்பிச்சுருளை இறக்கி முடித்துப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டார். தொழிற்சாலையிலிருந்து நேராக, யூனிஃபார்ம் கோட்டோடு போனாள். புதுப் பிளக்கை எடுத்து இரண்டு விரலால் மட்டும் திருகினாள். அழகாக இறங்கியது. ஆனந்தராஜ் துண்டை எடுத்துக் கை துடைத்தார். அவள் குனிந்து, பிளக் போய் உட்கார்ந்த இடத்தில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்தாள். வலப்பக்கம் நுழையவில்லை. இடப்பக்கம் நுழைந்தது.

"சாஞ்சிருக்கு" என்றாள். "ரிஜெக்ட்."

"யக்கா, ஒரு மயிரிழை சாஞ்சிருக்குது. இறுக்கினா வாஷர் அமுங்கி சரியாப் பூடும். யாருங்க்கா இத ஏரோபிளேன்ல மாட்டப் போறாங்க?"

"ரிஜெக்ட்."

ஆனந்தராஜுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக அவசரம் வந்தது. டேப்பை எடுத்தார். டேப் என்பது மரை வெட்டுகிற ஆயுதம். இரண்டு பக்கமும் கைப்பிடி மாட்டி, ஓட்டைக்குள் வைத்துச் சுற்றினால் உள்ளே இழை வெட்டிக்கொண்டு இறங்கும். அதை அவள் கையில் திணித்தார்.

"அப்பிடின்னா அடுத்த சைஸ நீங்களே போடுங்க. இத்தினி வருசமா மரை பாக்கறீங்க இல்ல? ஒரு மரை போட்டுக் காட்டுங்க, பாக்கலாம்."

பட்டறையில் டீ குடிக்க வந்திருந்தவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள். பேச்சியம்மாள் டேப்பைப் பார்த்தாள். அவள் கணக்கில்லாத மரைகளைச் சிவப்புத் தட்டில் போட்டிருக்கிறாள். ஒன்றைக்கூடப் போட்டதில்லை. அது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஆனாலும் பின்வாங்குவது அவள் ரத்தத்தில் இல்லை. கோட்டின் கையை மடித்துவிட்டாள்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு வரிவரியாகத் தெரியும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவ வேண்டும், சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். நேராகப் பிடிக்க வேண்டும். எல்லாம் செய்தாள். வலது கையில் கொஞ்சம் கூடுதல் பலம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தோசைக்கு மாவு கரைக்கிற கை. டேப் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "சூப்பருங்க்கா!" என்றார்.

பேச்சியம்மாள் டேப்பை மறுபடி ஓட்டையில் நேராக வைத்துத் திருகி, எட்டி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். டேப் கோயில் கொடிமரம் போல நிற்க வேண்டியது. தென்னைமரம் போல நின்றது. ஆனந்தராஜ் போட்ட மரை ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது என்றால், இது பட்டறை வாசலைப் பார்த்தே சாய்ந்திருந்தது.

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஆனந்தராஜுக்கு இப்போது பாவமாகிவிட்டது. "முதல் தடவைங்க்கா... இறுக்கினா சரியாப்..." என்று ஆரம்பித்தார்.

"ரிஜெக்ட்" என்றாள் பேச்சியம்மாள். தன் மரையைத் தானே ரிஜெக்ட் பண்ணிவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று ராஜேஷ்குமாரின் போனை அவள் எடுக்கவில்லை. மறுநாள் தொழிற்சாலையில் முதல் போல்ட்டில் கோ வளையம் ஏறாமல் நின்றது. கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். இதைப் போட்டவனுக்கும் வலது கை பலமாக இருந்திருக்குமோ? சூப்பர்வைசர் ஓடிவந்து, "என்னம்மா, ஏதாவது பிரச்னையா?" என்றார். அந்த மேஜையில் ஒரு போல்ட் இவ்வளவு நேரம் நின்று அவர் பார்த்ததில்லை. "பாவமா இருக்கு சார்" என்றாள். அவர் திகைத்து நிற்கும்போதே அதைச் சிவப்புத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அடுத்த முறை பட்டறைக்குப் போனபோது ஆனந்தராஜும் அவளும் ஒருவரிடம் ஒருவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஓட்டை இரண்டு தடவை பெருத்துவிட்டது. இனிமேல் பெருத்தால் ஓட்டைதான் இருக்கும், ஹெட் இருக்காது. ஆனந்தராஜ் ஹெட்டை மெஷினில் கட்டி, ஓட்டையை நேராகக் கடைந்து, பித்தளையில் ஒரு புஷ் செய்தார். புஷ் என்றால் உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள ஒரு குட்டிக் குழாய். வெளிமரை ஹெட்டைப் பிடிக்கும், உள்மரை பிளக்கைப் பிடிக்கும். பிளக்கைக் கழற்றும்போது புஷ்ஷும் சேர்ந்து வந்துவிடாமல், பாதி புஷ்ஷிலும் பாதி ஹெட்டிலும் படும்படி ஒரு சின்னத் திருகாணியைப் போட்டுப் பூட்டினார்.

பேச்சியம்மாள் சோதித்தாள். கையால் திருகினாள், கழற்றினாள், திருகினாள். காகிதத்தை நாலு பக்கமும் நுழைத்தாள். எந்தப் பக்கமும் போகவில்லை. பட்டறை மோட்டாரை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

"பாஸ்" என்றாள்.

ஆனந்தராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். அவளையா, புஷ்ஷையா என்பது தெரியவில்லை.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஜாதி இஞ்சின் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். தண்ணீரில்லாமல் ஓட்டினால் வெந்துவிடும். இஞ்சினை மாடியிலிருந்து இறக்கி, ஹெட்டைப் பூட்டி, பட்டறை வாசலில் இரும்புச் சட்டத்தில் மாட்டி, கெம்பம்மாவின் நீல டிரம்மைக் காலுக்குக் கீழே வைத்தார்கள். தெருவில் அப்போது தண்ணீர் வாராவாரம்கூட ஒழுங்காக வராத நேரம். கெம்பம்மா, "இஞ்சினுக்கு இல்லாத நீரு நமக்கு எதுக்கு?" என்று தானே குடம் குடமாக ஊற்றி நிரப்பினார்.

பாஸ்கரன் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினார். பழைய பாவத்தைக் கழுவுகிறவர் போல ஆயிலைத் தாராளமாகவே ஊற்றிவிட்டார். பேச்சியம்மாள் கயிற்றை இழுத்தாள். இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் இஞ்சின் 'டபடபடப' என்று பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெருவே வெள்ளைப் புகையில் மூழ்கிவிட்டது. கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வீடு பாத்திரங்களை மூடினார்கள், குழந்தைகளை உள்ளே இழுத்தார்கள், கட்டிலடிக் கொசுவும் ஓடட்டும் என்று அங்கிருந்த சாமான்களை வெளியே இழுத்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பாஸ்கரன் சட்டையைப் பிடித்தார்.

"எப்பவும் இந்தத் தெருவுக்கே அடிக்கிறீங்களே, நாங்க வரி கட்டலியா?"

"அம்மா, இது கடல் இஞ்சின்."

"என்ன இஞ்சினா இருந்தா என்ன, எங்க தெருவுக்கும் அடி!"

அதற்குள் காத்தாடி டிரம்மில் இருந்த தண்ணீரையெல்லாம் அள்ளி வெளியே வீசி முடித்திருந்தது. பெரும்பகுதி கெம்பம்மா மேல் விழுந்தது. டிரம் காலியானதும் ஆனந்தராஜ் பாய்ந்து இஞ்சினை நிறுத்தினார். புகை கலைந்தபோது கெம்பம்மா சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "ஓடுத்து! ஓடுத்து!" என்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் பேச்சியம்மாளுக்குத் திருப்தி இல்லை. டிரம்மில் ஓடுவது ஓட்டமா? சுமை இழுக்கும்போது, நன்றாகச் சூடேறும்போது, புஷ் பிடித்து நிற்கிறதா என்று தெரிய வேண்டாமா? "தண்ணி வேணும்" என்றாள். "நெசமான தண்ணி."

ஆனந்தராஜுக்குச் சித்தப்பா முறையில் சென்றாயன் என்று ஒருவர் நாகரசம்பட்டிப் பக்கம் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்துவந்தார். அவரிடம் படகு கிடையாது, பரிசல் இருந்தது. இரவல் வண்டி ஒன்றில் இஞ்சினை ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிறு காலையில் போய் இறங்கினார்கள். கெம்பம்மாவும் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

சென்றாயன் பரிசலையும் இஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்ப்பா ஆனந்தராசு, பரிசலு கூடை மாதிரி வட்டம். துடுப்பு போட்டாலே சுத்தும். இதுல இஞ்சின மாட்டுனா என்னா ஆவும்?"

"தெரியலீங்க சித்தப்பா. அதான் பாக்கலாம்னு வந்தோம்."

பரிசலின் விளிம்பில் ஒரு தடித்த பலகையைக் கட்டி, அதில் இஞ்சினை மாட்டினார்கள். பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியருகே உட்கார்ந்தாள். பரிசல் தன்னுடையதாயிற்றே என்று சென்றாயனும் ஏறிக்கொண்டார். துடுப்புப் போட்டு நடு ஏரிக்குப் போனார்கள். அங்கே அவள் கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பு.

பரிசல் நகரவில்லை. சுற்றியது. முதலில் கல்யாண வீட்டில் ஆரத்தி சுற்றுவது போல நிதானமாக. பிறகு ராட்டினம் போல. கைப்பிடியை இந்தப் பக்கம் திருப்பினால் இடம் சுற்றியது, அந்தப் பக்கம் திருப்பினால் வலம் சுற்றியது. நேராகப் போவது என்கிற பேச்சே இல்லை. சென்றாயன் பரிசலின் அடியில் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஏரிக்கரை, மாந்தோப்பு, புளிசாதம் வைத்திருந்த கெம்பம்மா எல்லாம் வரிசையாக வந்து வந்து போயின.

கரையிலிருந்து பாஸ்கரன், "பேச்சி, நிறுத்துட்டி! நிறுத்து!" என்று கத்தினார். அது அவள் காதில் விழவில்லை. அவள் கைப்பிடியை விட்டுவிட்டு இஞ்சின் மேல் குனிந்திருந்தாள். பிளக்கின் அடியில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தாள். கசிந்தால் குமிழி வரும். குமிழி வரவில்லை. இஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கினாள்.

அப்போதுதான் மீன்கள் துள்ளின. ஏரியில் சென்றாயன் விட்டிருந்ததில் பாதிக்குமேல் வெள்ளிக்கெண்டை. சத்தம் கேட்டால் மிரண்டு தண்ணீருக்கு மேலே எகிறுகிற மீன். இஞ்சின் உறுமிய உறுமலில் ஏரி முழுக்கக் கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் எழும்புவது மாதிரி எழும்பின. பாதி தண்ணீரில் விழுந்தன, பாதி பரிசலில் விழுந்தன. ஒன்று சென்றாயன் முதுகில் விழுந்தது. பேச்சியம்மாள் மடியில் இரண்டு. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆட்டை மறந்து நின்றார்கள்.

"யம்மா தாயே, நிறுத்து! வவுத்தப் பெரட்டுது!" என்றார் சென்றாயன் கீழேயிருந்து.

"இன்னும் நல்லா சூடேறலண்ணே!" என்றாள் அவள்.

கடலில் பிறந்தவளுக்குத் தலை சுற்றவில்லை. எத்தனையோ வருஷமாக ஓசூரில் பஸ் ஏறினால்கூட வாந்தி வருகிறவள், அன்று அந்தச் சுழற்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கூந்தல் அவிழ்ந்து பறந்தது. சிரித்தாள். அவள் இப்படிச் சத்தமாகச் சிரித்து பாஸ்கரன் பார்த்ததேயில்லை. கரையில் கத்துவதை நிறுத்திவிட்டு அவரும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்ரோல் தீர்ந்துதான் இஞ்சின் நின்றது. அதற்குப் பிறகும் பரிசல் தன் பாட்டுக்குக் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு சென்றாயன் மீன்களுக்கு நடுவிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். பரிசலின் அடி தெரியாத அளவுக்கு மீன். வலை போட்டு, ஆள் வைத்து, அரை நாள் இழுத்தாலும் வராத மீன். அவர் வாந்தி எடுப்பதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

கரைக்கு வந்ததும் ஆனந்தராஜ் முதலில் கேட்டது, "புஷ்ஷு?"

பேச்சியம்மாள் பிளக்கைக் கழற்றினாள். எண்ணெய் தடவியது போல வந்தது. புஷ் இருந்த இடத்தில் இருந்தது. "பாஸ்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளே ராஜேஷ்குமாருக்குப் போன் பண்ணினாள்.

"ஓடிட்டுலே."

"நெசமாவா? எங்கக்கா ஓடுச்சு?"

"இருந்த இடத்துலயே ஓடுச்சு. மீன் அதுவா வந்து விழுந்துச்சு. வலையே போடல."

நாலு தலைமுறையாகக் கடலில் மீன் பிடிக்கிற குடும்பம். அக்காவுக்கு மேட்டு நாட்டுக் குளிரில் என்னமோ ஆகிவிட்டது என்று அவன் பயந்து, அடுத்த வாரம் மனைவியோடு நேரில் பார்க்க வந்தான். அவனையும் பரிசலில் ஏற்றிச் சுற்றிக் காட்டினாள். மீன் குவியலுக்கு நடுவிலிருந்து இறங்கும்போது அவன் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அந்த இஞ்சின திருப்பித் தர்றியா?" என்று கேட்டான். பேச்சியம்மாள் யோசிக்கவேயில்லை. "அது எம் பங்கு" என்றாள்.

இஞ்சின் இப்போது நாகரசம்பட்டியில்தான் இருக்கிறது. மீன் பிடிக்கிற வாரம் வந்தால் சென்றாயனிடமிருந்து போன் வரும். பேச்சியம்மாள் பிளக் ஸ்பானரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறுவாள். பஸ்ஸில் அவளுக்கு இன்னும் வாந்தி வருகிறது. பரிசலில் வருவதில்லை. திரும்பும்போது கெம்பம்மாவுக்கு ஒரு மீன், ஆனந்தராஜுக்கு ஒரு மீன். பாஸ்கரனுக்கு, எந்தப் போல்ட்டையும் தொடுவதில்லை என்ற நிபந்தனையின் பேரில், கரையில் நின்று பெட்ரோல் கலக்கிக் கொடுக்கும் வேலை. சென்றாயனும் இப்போதெல்லாம் அவரோடு கரையிலேயே நின்றுகொள்கிறார்.